பழுது காணப்படவில்லை

அத்தியாயம் ஏழு

செத்துப்போன ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று எழுதிய காகிதத்துக்கு வீட்டுவசதிச் சங்கத்தார் லேமினேஷன் வேறு போட்டிருந்தார்கள். சாலைக் கடைத்தெருவில், அவல் மொத்தக் கடைக்கு மேலே இருந்த தன் ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தில் நாச்சியார் அதை நாலாவது தடவையாகப் படித்தாள். மலையாளத்தில் பன்னிரண்டு வரி. பதினேழாம் நம்பர் வீட்டுக் கலைச்செல்வி ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் கூரை ஒழுகுவதாகப் புகார் கொடுத்தார். மூன்று முறையும் பொறியாளர் நேரில் போய்ப் பார்த்தார். பழுது காணப்படவில்லை. புகார்கள் உண்மைக்கு மாறானவை.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை ஐந்தரைக்கு, கேன்டீன் வேலைக்குக் கிளம்பிக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்த கலைச்செல்வியின் மேல் அந்த ஒழுகாத கூரை விழுந்தது. வயது நாற்பத்திரண்டு.

புருஷன் சுனில் நாச்சியாரிடம் வந்தபோது நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ பொய் சொல்லமாட்டா மேடம். அந்த ஒரு வார்த்தையை அழிச்சுத் தரணும். அது மதி எனக்கு, அது போதும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இன்னும் முப்பத்தோரு குடும்பம் இருந்தது என்பது நாச்சியாருக்குப் பிறகுதான் தெரிந்தது. நாளைக் காலை பதினொரு மணிக்கு அரசு விசாரணை. புகார் பொய் என்று முடிவானால், கூரைக் கொக்கியில் அதிகப் பாரம் தொங்கவிட்டதால் குடியிருந்தவர்களே வரவழைத்துக்கொண்ட விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அதே கட்டடத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும் மற்ற வீடுகளின் புகார்களும் அதோடு குப்பைக்குப் போகும்.

கையில் இருந்தது ஒரே தும்பு. பொறியாளர் எடுத்த மூன்று படங்கள். மூன்றிலும் கூரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஒரு கறை இல்லை, ஒரு விரிசல் இல்லை.

"புதுமாப்பிள்ளை வேட்டி கூட இவ்வளவு வெள்ளையா இருக்காது" என்றார் பூதலிங்கம். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில்காரர். சும்மா இருந்தால் சர்க்கரை ஏறும் என்று டாக்டர் சொன்னதால் நாச்சியாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளத்தைவிட வாயைத் திறக்கக் கிடைக்கும் சந்தர்ப்பங்களுக்காகவே அவர் வருகிறார் என்பது நாச்சியாரின் கணிப்பு. அவளுக்கு அவர் அண்ணாச்சி. பதினெட்டு வயது இளையவளை அவர் மேடம் என்பார், அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

நாச்சியார் ஒன்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சேத மதிப்பீடு செய்தவள். படம் என்றால் அவளுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இது வேறு வீட்டுக் கூரை என்றாள். ஒழுகாத வீடு ஒன்றைப் பார்த்துவைத்து, அதையே மூன்று தடவை எடுத்துப் பதினேழு என்று எழுதியிருப்பான்.

"பக்கத்துக் கரமனைக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு தூரத்துக் களியிக்காவிளை வரை போற வேலை. நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்" என்று பூதலிங்கம் குடையை எடுத்தார்.

காட்டுவிளைத் தொழிலாளர் குடியிருப்பு நாலு மாடி, மாடிக்கு எட்டு வீடு. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் மூடிப்போனபோது அங்கிருந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுவசதிச் சங்கம் வாடகைக்குக் கொடுத்த கட்டடம். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே மலையில் பிறந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் காவலுக்கும் போனார்கள், பெண்கள் ஹோட்டல் சமையலறைகளுக்குப் போனார்கள். பிள்ளைகள் மலையாளத்தில் படித்து மலையாளத்திலேயே சண்டை போட்டார்கள்.

சங்கம் பூட்டிவைத்த பதினேழாம் நம்பரின் சாவி எதிர்வீட்டு ஷீனாவிடம் இருந்தது. உள்ளே போக யாருக்கும் மனம் வராததால் ஆபீஸ்காரனே அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சுனில் இப்போது ஷீனா வீட்டு முன்னறையில்தான் படுக்கிறான். பகலில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவல். சாவியைக் கொடுக்கும்போது ஷீனா, கண்ணாடி பக்கம் மட்டும் போகாதீங்க சேச்சி, சரியாக் கழுவலை என்றாள். நாச்சியார் தலையாட்டினாள்.

ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. கூரையின் மேற்கு ஓரம் கதவு அகலத்துக்குப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. நடுவில் மின்விசிறி அப்படியே தொங்கியது. நாச்சியார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். விசிறியின் மேல்கிண்ணம் உடைந்து, சிவப்பு டேப் சுற்றி ஒட்டவைக்கப்பட்டிருந்தது. படத்திலும் அதே கிண்ணம், அதே உடைசல், அதே சிவப்பு டேப்.

"மேடம், டிக்கெட் சரியான டிக்கெட்டாத்தான் இருக்கு" என்றார் பூதலிங்கம் மெதுவாக.

படங்கள் இந்த வீட்டுப் படங்களேதான். காலையிலிருந்து கட்டிய கோட்டை பத்தே நிமிஷத்தில் சரிந்தது. நாச்சியாருக்கு எரிச்சல் வந்தது. ஒழுகிய கூரை, ஒழுகி விழுந்த கூரை, எப்படி மூன்று தடவை வெள்ளை வெளேரென்று போஸ் கொடுக்கும்? சங்கத்திலிருந்து வாங்கிய படங்களைச் செல்போனில் திறந்து இரண்டாவதைப் பெரிதாக்கினாள். விசிறியின் ஒரு இறக்கை வெள்ளையாக இல்லை, சாம்பலாக, கோடு கோடாக இருந்தது.

"அண்ணாச்சி, இது என்னது?"

பூதலிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை மூக்குக்கு முன்னால் பிடித்தார். பஸ் குலுங்கும்போதே பாஸில் பொடி எழுத்து படித்துப் பழகிய கண் அது. "பேப்பர். விசிறிக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்காங்க. நூலால கட்டியிருக்கு. மலையாளப் பேப்பர். தேதி கூட தெரியுது பாத்துக்கிடுங்க, ஆகஸ்ட் பத்தொன்பது."

படம் எடுத்த தேதி ஆகஸ்ட் இருபது. மற்ற இரண்டு படங்களிலும் இறக்கை நுனியில் காகிதத் துணுக்கும் நூலும் மிச்சம் இருந்தன. மின்விசிறிக்கு யார் காகிதம் சுற்றுவார்கள்? வெள்ளையடிப்பவர்கள் சுற்றுவார்கள். பார்வைக்கு முந்தின நாள் யாரோ கூரைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அவிழ்க்கக்கூட நேரம் இல்லாமல் அதிகாரி வந்துவிட்டார்.

நாச்சியாருக்கு உற்சாகம் திரும்பியது. சங்கமே ஆள் அனுப்பி முந்தின நாள் பூசி மறைத்துவிட்டு மறுநாள் படம் எடுத்திருக்கிறது என்றாள். கட்டடத்தின் பின்னால் ஓடை ஓரமாக, பெயர்ந்து விழுந்த காரைத் துண்டுகளைக் கொட்டியிருந்தார்கள். குடையைப் பூதலிங்கம் பிடிக்க, அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கிடைத்தது. அதன் உடைந்த விளிம்பைத் துடைத்துப் பார்த்தாள். வெள்ளை, அடுத்து தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறைக் கோடு, மறுபடி வெள்ளை, மறுபடி கறை. நாலு வெள்ளை, நாலு கறை. கட்டியபோது அடித்தது ஒன்று, ஒவ்வொரு பார்வைக்கும் ஒன்றாக மூன்று. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் கூரை ஒழுகியிருக்கிறது. கடைசிப் பூச்சு காய்ந்து மூன்று வாரத்தில் விழுந்திருக்கிறது.

"செக்கிங் இன்ஸ்பெக்டர் வேண்டாம், இதுவே பேசும்" என்றார் பூதலிங்கம். நாச்சியார் அதைத் துப்பட்டாவில் பொதிந்துகொண்டாள். அந்த நேரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிற்பாடு அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பொறியாளர் பெயர் வினய். இருபத்தேழு வயது, ஒப்பந்த வேலை. சங்க அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவனைப் பிடித்தார்கள். பூதலிங்கம் அவனுக்கு எதிரே இடம் பிடித்து, மூன்று கடும் சாயா சொல்லி, ஒரு பழம்பொரியை அவன் பக்கம் தள்ளிவைத்தார். பிடிபட்ட பயணியிடம் முதலில் கனிவாகப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை.

நாச்சியார் கனிவு காட்டவில்லை. காரைத் துண்டை மேசைமேல் வைத்து, யாரை அனுப்பி வெள்ளையடித்தீர்கள் என்று கேட்டாள்.

வினய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் தமிழ் பாதி மலையாளமாக வந்தது. "ஞங்கள் யாரையும் அனுப்பலை மேடம். நான் போறப்போ எல்லாம் புதுசா அடிச்சிருக்கும். சுண்ணாம்பு மணம் வரும். எனக்கும் அது என்னமோ போலத்தான் இருந்தது."

"கை வச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"ஈரம் காயலை. தொட்டா கையில ஒட்டும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு இன்னும் இருபத்திரண்டு வீடு பாக்கி இருந்தது என்றும், படம் இணைத்து 'பழுது இல்லை' என்று போட்டால் மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை என்றும், பழுது என்று போட்டால் எஸ்டிமேட் போடு, டெண்டர் போடு என்று தன் தலையிலேயே விழும் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அப்படியென்றால் வெள்ளையடித்தது யார் என்றாள் நாச்சியார். அவன் போனில் எதையோ தேடினான். சங்கத்துக்குக் கொடுக்காத படம் ஒன்று இருக்கிறது என்றான். ஆகஸ்டில் போனபோது, எங்களையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்க சார் என்று அவர்கள் கேட்டார்களாம். போனை அவள் பக்கம் திருப்பினான்.

அந்த வெள்ளைக் கூரைக்குக் கீழே சுனிலும் கலைச்செல்வியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். கலைச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் சாயாவும் முறுக்கும் வைத்த தட்டு. இரண்டு பேர் தலைமுடியிலும் புருவத்திலும் முழங்கை வரையிலும் சுண்ணாம்புப் பொட்டுகள் இருந்தன.

நாச்சியார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயா ஆறிப்போனது.

வெளியே வந்ததும் பூதலிங்கம்தான் முதலில் பேசினார். வெள்ளையடித்தது யார் என்று நாளைக்கு யாரும் கேட்கப்போவதில்லை, துண்டை மட்டும் காட்டுவோம், நாலு கறை போதும், அந்த மனுஷனுக்கு இது தெரியவே வேண்டாம் என்றார். நாச்சியாருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் வினய்க்குத் தெரிந்தது சங்கத்து வக்கீலுக்குத் தெரியாமல் இருக்காது. நிறைந்த கூடத்தில் அந்த ஆள் வாயிலிருந்து சுனில் இதைக் கேட்க வேண்டுமா?

"நான்தான் சொல்லணும் அண்ணாச்சி."

"சொல்லுங்க. நான் கூட வாறேன், பேசமாட்டேன்" என்றார் பூதலிங்கம். அவர் பேசமாட்டேன் என்று சொல்லி நாச்சியார் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு சுனில் கடைக்காவல் முடிந்து வந்து ஷீனா வீட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தான். ஷீனா பாலில்லாத கட்டஞ்சாயா வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று நாச்சியார் வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றும் இப்போது உதவவில்லை. ஆகஸ்டில் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஆமா மேடம்" என்றான் சுனில். அவன் குரலில் ஒளிவு மறைவே இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "மூணு தடவையும் அடிச்சோம். ஆபீஸர் வாறாருன்னா வெள்ளையடிக்காம எப்படி?"

எஸ்டேட்டில் துரை லயம் பார்க்க வரும் நாளைப் பற்றிச் சொன்னான். வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். முந்தின நாளே எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு கலக்குவார்கள். அடிக்காத வீட்டுக்காரன் பெயரைக் கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்வார். பெயர் ஏறிவிட்டால் அந்த வருஷம் ஓடு மாற்ற ஆள் வராது. சுத்தமாக வைத்திருக்கிறவர்களுக்குத்தான் முதலில் ஓடு, முதலில் கதவு. அழுக்காக வைத்திருக்கிறவனுக்குச் செய்து கொடுத்து என்ன பிரயோஜனம் என்று துரை கேட்பாராம். கலைச்செல்வியின் அப்பா வீட்டில்தான் அந்த லயத்திலேயே நல்ல வெள்ளை. அவள் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் போடுவாள், அது அவள் அம்மாவிடம் படித்தது.

"இங்க சாரு வந்து பாத்து, வீடு நல்லா வச்சிருக்கீங்கன்னு சொன்னாரு. ஒரு மாசத்துல ஆள் வரும்னு இருந்தோம். வரலை. பின்னே நல்லா அடிக்கலையோன்னு அடுத்த தடவை ரெண்டு கை அடிச்சோம்."

நாச்சியார் கைப்பையைத் திறந்து வாடகை ஒப்பந்தத்தின் நகலை எடுத்தாள். அசல் அவன் வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் அட்டைக்குக் கீழே, மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. பதினொன்றாவது பிரிவைத் தமிழில் சொன்னாள். கூரை, சுவர், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி இவற்றைச் சரிசெய்வது வீட்டைக் கொடுத்தவரின் பொறுப்பு. உயிருக்கு ஆபத்தான பழுது என்றால், புகார் கொடுத்த ஏழு நாளில் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் குடியிருப்பவரே செய்துகொண்டு அந்தச் செலவை வாடகையில் கழிக்கலாம்.

சுனில் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள்.

"அப்போ சுத்தமா வச்சிருக்கிற வீடு, அழுக்கா வச்சிருக்கிற வீடுன்னு அதுல ஒண்ணும் இல்லியா?"

"இல்லை. ஒழுகுற வீடு, ஒழுகாத வீடு. அவ்வளவுதான். அது அவங்க செய்யற தயவு இல்லை சுனில். உங்களுக்கு வரவேண்டியது."

அவன் சாயா கிளாஸைத் தரையில் வைத்தான். எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் மாறுவதை நாச்சியார் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாருக்கு ஒழுகுறது தெரியாமப் போனது அதாலயா?"

"அவருக்குத் தெரிஞ்சிருந்தது. சுண்ணாம்பு ஈரமா இருந்ததும் தெரியும், எதுக்குக் கூப்பிட்டீங்கன்னும் தெரியும். இல்லைன்னு எழுத அந்த வெள்ளை அவருக்கு வசதியாப் போச்சு. தப்பு அவங்களோடது."

"நாங்க அடிக்காம இருந்திருந்தா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அடிக்காவிட்டாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். பூதலிங்கம் அதைத்தான் எதிர்பார்த்தவர் போல அவளையே பார்த்தார். ஆனால் பொய்க்காரி என்ற ஒரு வார்த்தையை அழிக்கத்தான் இந்த மனுஷன் அவளிடம் வந்தான்.

"படத்துல கறை தெரிஞ்சிருக்கும்" என்றாள் நாச்சியார்.

சுனில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல மெல்லச் சொன்னான். "மூணாவது தடவை அவ வேண்டாம்னு சொன்னா. மணிக்கட்டு வலிக்குது, அப்படியே பாத்துட்டுப் போகட்டும்னா. நான்தான் கேக்கலை. சாரு என்ன நினைப்பாருன்னேன். பின்னே அவளே இறங்கிக் கலக்கிக் குடுத்தா."

நாச்சியாருக்கு அழுகை வந்தது. தொழிலுக்கு வந்தபிறகு ஒரு கட்சிக்காரர் முன்னால் அவள் அழுததில்லை. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பூதலிங்கம் எழுந்து போய் சுனில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டுவதற்கு முன்னால் அவர்கள் கிளம்பும்போது சுனில் ஒன்றுதான் கேட்டான். இதைச் சொன்னால், கலை சொன்னது நிஜம் என்று எழுதுவார்களா? எழுதுவார்கள் என்றாள் நாச்சியார். அப்படியானால் நானே சொல்கிறேன் என்றான்.

மறுநாள் விசாரணை ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. நாச்சியார் காரைத் துண்டை மேசைமேல் வைத்து நாலு வெள்ளையையும் நாலு கறையையும் எண்ணிக் காட்டினாள். விசாரணை அதிகாரி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பூச்சு யார் பூசியது என்ற கேள்வி அவள் எதிர்பார்த்தபடியே சங்கத்து வக்கீலிடமிருந்து வந்தது. சுனில் எழுந்து நின்று, லயத்தையும் துரையையும் நோட்டையும் நீலத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மணிக்கட்டு வலியைச் சொல்லும்போது மட்டும் குரல் நின்றுபோய்த் திரும்ப வந்தது.

ஆக நீங்களே பழுதை மறைத்துவிட்டீர்கள் என்றார் வக்கீல்.

"மறைக்கலை சார். மரியாதை செஞ்சோம்" என்றான் சுனில்.

நாச்சியார் வினய்யை அழைத்தாள். ஒரே கேள்விதான் வைத்திருந்தாள். ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்த வீட்டில் முந்தின நாள் அடித்த ஈரச் சுண்ணாம்பைப் பார்த்தபோது, அதற்கு அடியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியது? வினய் வக்கீலைப் பார்த்தான், சுனிலைப் பார்த்தான். வேலை போகும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கசிவு இருக்கும் என்று தோன்றியது, மூன்று தடவையும் தோன்றியது என்று மலையாளத்தில் சொன்னான்.

அதன்பிறகு வக்கீல் எழுந்திருக்கவில்லை. கலைச்செல்வியின் மூன்று புகார்களும் உண்மை. ஏழு நாளில் செய்யவேண்டிய பழுதைச் சங்கம் செய்யவில்லை, சாவுக்குச் சங்கமே பொறுப்பு. முப்பத்திரண்டு வீடுகளையும் வெளியிலிருந்து வரும் பொறியாளர் குழு வெள்ளிக்கிழமை பார்வையிடும், ஆபத்தான வீடுகளில் ஏழு நாளில் வேலை தொடங்க வேண்டும். அதிகாரி வாசிக்க வாசிக்க பூதலிங்கம் அதைப் பழைய டிக்கெட் அட்டை ஒன்றின் பின்னால் தமிழில் எழுதி சுனில் கையில் கொடுத்தார். சுனில் 'உண்மை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை, உத்தரவின் நகல் கிடைத்ததும் நாச்சியாரும் பூதலிங்கமும் அதைக் கொடுக்கக் காட்டுவிளைக்குப் போனார்கள். கீழ்ப்படியில் கால் வைத்தபோதே மூக்கில் ஏறியது அந்த வாசனை.

முதல் வீட்டு வாசலில் ஒரு பக்கெட்டில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டில் தலையில் துணி கட்டிய ஒரு பெண், ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறிக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பெரிய ஆபீஸர்கள் வருகிறார்கள். ஒரு வீட்டுக்கோ இரண்டு வீட்டுக்கோ அல்ல, கட்டடம் முழுக்க. எல்லோர் முகத்திலும் திருவிழாக் களை. விசாரணையில் சுனில் சொன்னதை இவர்களில் யாரும் கேட்டிருக்கவில்லை. கேஸ் ஜெயித்தது, ஆபீஸர் வருகிறார் என்பது மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது.

நாச்சியார் நடையில் ஓடினாள். ஐந்தாம் நம்பர் வாசலில் சுனில் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போகவில்லை, சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை. உள்ளே பிரஷ்ஷோடு நின்ற சஜி அவன் கூடவே எஸ்டேட்டில் வளர்ந்தவன்.

"ஆபீஸர் வாறாரு அண்ணே. இந்தக் கோலத்துலயா காட்டுறது?" என்று சஜி சிரித்துக்கொண்டே கேட்டான்.

நான் சொல்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்று நாச்சியார் சுனிலின் கையைப் பிடித்தாள். எல்லோரையும் கீழே கூப்பிட்டு ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றாள். அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான்.

"நீங்க சொன்னா கேக்கமாட்டாங்க மேடம். மேடத்துக்கு நம்ம வழக்கம் தெரியாதுன்னு, நீங்க போனதும் அடிப்பாங்க. நான் சொன்னாத்தான் நிப்பாட்டுவாங்க."

திரும்பி சஜியின் கண்ணைப் பார்த்தான்.

"நாங்க வெள்ளையடிச்சோம் சஜி. மூணு தடவை. அதாலதான் கலை செத்தா. நீ அடிக்காதே. கறை தெரியட்டும்."

சஜியின் சிரிப்பு போய்விட்டது. பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான். பின்னால் அவன் பெண்டாட்டி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூதலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சுனில் அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நடையில் நாலு எட்டு வைத்து ஆறாம் நம்பர் கதவைத் தட்டினான். அதற்குப் பிறகு இன்னும் இருபத்தொன்பது வீட்டில் ஆள் இருந்தது, ஒவ்வொன்றிலும் அவன் அதையே சொல்ல வேண்டியிருந்தது.